மூன்று மணிக்கு எடுக்கும் குரல்

அந்தக் கல்லூரியில் அவளைப் போர்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கரும்பலகைக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இருபத்திரண்டு வயதில் தற்காலிக வேலைக்கு வந்து, பதினாறு வருஷம் டெலிபோன் போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவள். வெளியிலிருந்து வரும் அழைப்பை வாங்கி, யாருக்கு என்று கேட்டு, கயிற்றை இழுத்து உரிய துளையில் சொருக வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தப் பதினாறு வருஷத்தில் அவளுடைய உயிரெல்லாம் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கத் தெரியாது. சொந்த நாத்தனாரை பஸ்ஸில் பார்த்தும் பேசாமல் இறங்கிப்போய், அது ஆறு மாத மனஸ்தாபத்தில் முடிந்தது. குரல் என்றால் கதையே வேறு. 'ஹலோ' என்ற ஒரு சொல் போதும். பேசுகிறவர் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, பக்கத்தில் ஆள் இருக்கிறதா, நேற்று தூங்கினாரா என்று சொல்லிவிடுவாள்.

மாமியாருக்கோ காது அடியோடு மந்தம். "ஊசி விழுந்தா கேக்குறவ ஒருத்தி, இடி விழுந்தாலும் கேக்காதவங்க ஒருத்தர். நடுவுல நான் எந்தச் சத்தத்துல பேசுறது?" என்று கணவர் சிரிப்பார். அவர் லிப்ட் மெக்கானிக். அவர் வேலை முழுக்கக் கையில், இவள் வேலை முழுக்கக் காதில். அதனாலேயோ என்னவோ, குடும்பம் பெரிய சண்டை சச்சரவில்லாமல் ஓடிற்று.

போர்டைக் கழற்றிய வருஷம், அவளை மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைக்கு மாற்றினார்கள். உதவித்தொகைப் பிரிவு. ஒரு மேஜை, இரண்டு இரும்பு பீரோ, ஒரு பழைய டெலிபோன். தலைக்கு மேலே பிள்ளைகள் படியேறும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்தப் பிரிவில் ஏழெட்டு உதவித்தொகைகள் இருந்தன. அதில் தராசு ஸ்காலர்ஷிப் என்று எல்லோரும் சொல்வது ஒன்று. அதே கல்லூரியில் படித்து, பிறகு தராசு செய்யும் தொழிற்சாலை வைத்து முன்னுக்கு வந்த ஒருவர் ஏற்படுத்தியது. அவர் பெயர், அவர் மனைவி பெயர், மகன் பெயர் மூன்றையும் சேர்த்து நீளமாக எழுதப்பட்ட பித்தளைப் பலகை வராந்தாவில் இருந்தது. வருஷத்துக்கு ஒரு மாணவிக்கு மூன்று வருஷப் படிப்புச் செலவு முழுவதும் அதில் கிடைக்கும். தராசுக்காரர் மெலிந்த மனிதர், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. தேர்வுக் குழுவில் அவரும் ஒருவர். போர்டம்மாவிடம் முதல் நாளே ஒன்று சொல்லியிருந்தார். எந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது என்று வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட வேண்டும், மனைவி தெரிந்துகொள்ள ஆசைப்படுவாள் என்று.

அப்படித்தான் அந்தக் குரல் அவளுக்குப் பழக்கமாயிற்று. நிதானமான, கனிவான பெண்குரல். தேர்வான பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பிறகு கல்லூரியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கும். தாவரவியல் வகுப்பு எந்த மாடியில் நடக்கிறது, ஆய்வுக்கூடத்து ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும், மைக்ராஸ்கோப்பில் முதல் தடவை பார்க்கும்போது கண் கூசுமாமே, உண்மையா என்று. பணக்கார வீட்டு அம்மாள் பொழுதுபோகாமல் கேட்கிறாள் என்று போர்டம்மாவும் பொறுமையாகச் சொல்வாள். கட்டண விஷயமாகப் போன் செய்யும்போதும் சேர்த்து, வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது அப்படிப் பேச்சு நீளும்.

நேர்முகத் தேர்வு நாளில் தராசுக்காரருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த வேலை நடந்தாலும் சரியாக மூன்று மணிக்கு எழுந்து மாடிப்படி அறைக்கு வருவார். "ஒரு போன் பண்ணிக்கலாமாம்மா?" என்று கேட்டு, நின்றபடியே வீட்டு எண்ணைச் சுழற்றுவார். சாப்பிட்டாயா, வெயிலாக இருக்கிறது, ஆறு மணிக்கு வந்துவிடுவேன். அவ்வளவுதான் பேச்சு. வைத்த பிறகு முகம் கழுவிக்கொண்டவர் போலத் தெளிந்திருப்பார். தினமும் தொழிற்சாலையிலிருந்தும் அதே நேரத்துக்குப் பேசுவார் என்று அவருடைய டிரைவர் சொல்லியிருந்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு புருஷனா என்று போர்டம்மா தன் கணவரிடம் சொல்லிக் காட்டியதும் உண்டு.

பதினோரு வருஷம் போன பிறகுதான் அவள் காதில் ஒன்று உறுத்த ஆரம்பித்தது. குரலுக்கும் நரை உண்டு. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். முதல்வர் குரல் தளர்ந்ததை, நூலகர் குரலில் பல் போன இடம் விழுந்ததை எல்லாம் அவள் கேட்டிருக்கிறாள். இந்த அம்மாளின் குரல் மட்டும் முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஜலதோஷம் பிடித்ததில்லை. களைத்ததில்லை. சட்டமிட்டு மாட்டிய படம் போல ஒரே மாதிரி.

அந்த வருஷம் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. பீரோவின் அடித்தட்டிலிருந்து தராசு ஸ்காலர்ஷிப்பின் முதல் கோப்பை எடுத்துத் தூசி தட்டினாள். மேலேயே ஒரு கடிதத்தின் நகல். பழைய முதல்வர் தராசுக்காரருக்கு எழுதியது. பாலத்துச் சாலையில் நடந்த கார் விபத்தில் தங்கள் மனைவியும் பன்னிரண்டு வயது மகனும் இறந்த செய்தி கேட்டுக் கல்லூரியே கலங்கி நிற்கிறது என்று எழுதியிருந்தது. தேதி இருபது வருஷத்துக்கு முந்தையது. அப்போது போர்டம்மா பிரசவ விடுப்பில் இருந்தாள். அந்தச் செய்தி அவள் காதுக்கு வரவே இல்லை.

அவள் அந்த அம்மாளோடு பேசி நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

தலைக்கு மேல் பிள்ளைகள் தடதடவென்று படியிறங்கிப் போனார்கள். அந்தச் சத்தம் முடிகிற வரை அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த தாளைப் புரட்டினாள். அதற்கு அடியில் ஒரு சேர்க்கை விண்ணப்பம் இருந்தது. தாவரவியல். விண்ணப்பித்தது பதினேழு வயதுப் பெண். தகப்பன் பெயர் தராசுக்காரருடையது. ஓரத்தில் சிவப்பு மையில் 'இடம் கிடைத்தும் சேரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது, "பதினோரு வருஷமா ராங் நம்பருக்குப் பேசியிருக்க" என்று சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

இரண்டு நாள் யோசித்தாள். போன் செய்யக் கை வரவில்லை. மூன்றாம் நாள், ஒரு கையெழுத்து வாங்க வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு, விண்ணப்பத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு தானே அந்த வீட்டுக்குப் போனாள். பகல் பதினோரு மணி. நல்ல வெளிச்சம். அகலமான தெரு, இரண்டு பக்கமும் உயரமான மதில்கள். மணியை அழுத்தியதும் கதவு உடனே திறந்தது, யாரோ வெகு நேரமாக உள்பக்கம் நின்றுகொண்டிருந்த மாதிரி.

திறந்தவளுக்கு முப்பத்தேழு வயது இருக்கும். காதோரம் நரை. "வாங்க, உக்காருங்க" என்றாள். அதே குரல். அட்சரம் பிசகாமல் அதே கனிவு, அதே நிதானம். போர்டம்மாவுக்கு முதுகில் எறும்பு ஊர்ந்தது. அந்தக் குரல் அந்த உடம்பில் பொருந்தவில்லை, இரவல் சட்டை போலத் தோளில் தொங்கியது.

கூடத்தில் நான்கு நாற்காலி போட்ட சாப்பாட்டு மேஜை இருந்தது. மூன்று நாற்காலிகள் உள்ளே தள்ளியிருந்தன. சுவர் ஓரம் முக்காலியில் டெலிபோன், பக்கத்தில் உட்கார ஒரு மணை. அந்த மணையில் விரித்த பாய் மட்டும் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது.

போர்டம்மா ஒன்றும் கேட்கவில்லை. விண்ணப்பத்தை எடுத்து, ஒட்டியிருந்த படம் மேலே தெரியும்படி மேஜையில் வைத்தாள்.

கதவைத் திறந்தவள் வெகு நேரம் அதைப் பார்த்தாள். பிறகு பேசினாள். "இதைக் கிழிச்சுப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

இது வேறு குரல். மெல்லிய, கொஞ்சம் கீச்சென்ற, பள்ளிக்கூடப் பெண்ணின் குரல். முப்பத்தேழு வயது வாயிலிருந்து பதினேழு வயதுக் குரல் வந்தது. இருபது வருஷம் யாரும் எடுத்துப் புழங்காததால் அது வளரவே இல்லை என்று போர்டம்மாவுக்குப் புரிந்தது.

மெதுவாக எல்லாம் வெளியே வந்தது. கல்லூரியிலிருந்து கடிதம் வரும் என்று தபாலுக்காகக் காத்திருந்ததால், விபத்து நடந்த அன்றைக்கு அவள் அம்மாவோடும் தம்பியோடும் காரில் போகவில்லை. எல்லாம் முடிந்து ஒன்பதாம் நாள் அப்பா தொழிற்சாலைக்குப் போனார். மூன்று மணிக்குப் போன் அடித்தது. எடுத்தாள். அப்பா, அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். அவள் பயந்துபோய் அம்மா மாதிரியே பதில் சொல்லிவிட்டாள். மறுமுனையில் அவர் மூச்சு விட்டது கேட்டது. ஒன்பது நாளாக அடைத்து வைத்திருந்த மூச்சு. மறுநாளும் அடித்தது. அதன் பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை.

வீட்டில் அவர் அவளோடு பேசுவதில்லை. மேஜையில் எடுத்து வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய்விடுவார். அவள் எதிரே நின்றால் பார்வை அவளைத் தாண்டிப் பின்னால் இருக்கும் சுவரில் போய் நிற்கும். "கோவம் இல்லக்கா. நான் அவர் கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றாள் அவள், யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல.

போர்டம்மா அங்கே அழவில்லை. தெருமுனை வரை நடந்து வந்து, ஒரு மதில் ஓரம் நின்று அழுதாள். வருஷா வருஷம் யாரோ ஒரு பெண்ணைப் படிக்க வைக்கிற வீட்டில், சொந்தப் பெண் போன் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அதை நினைக்க நினைக்க நெஞ்சு ஆறவில்லை.

அடுத்த கல்வியாண்டுக்கான விண்ணப்பத்தைப் போர்டம்மாவே அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வயது வரம்பு எதுவும் விதியில் இல்லை. சான்றிதழ்கள் பத்திரமாக இருந்தன. தாவரவியல் முதல் வருஷத்தில் மகளுக்கு இடமும் கிடைத்தது. காலை வகுப்பு, ஒன்றரைக்கு முடிந்துவிடும், மூன்றுக்குள் வீடு திரும்பலாம். பிள்ளைகள் அவளுக்கு முதல் வாரமே 'பாட்டனி ஆன்ட்டி' என்று பட்டம் கட்டினார்கள். அவள் கையில் சொந்தமாக ஒன்றும் இல்லாததால் தராசு ஸ்காலர்ஷிப்புக்கும் மனுப் போடச் சொன்னாள் போர்டம்மா. மகள் எதிரே வந்து நின்றால் தகப்பன் பார்த்துத்தானே ஆக வேண்டும் என்று ஒரு கணக்கு அவளுக்கு இருந்தது.

நேர்முகத் தேர்வு இரண்டரைக்கு. முதல்வர், தாவரவியல் பேராசிரியை, தராசுக்காரர் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதல்வரும் பேராசிரியையும் புதியவர்கள், அந்தக் குடும்பத்தின் கதை தெரியாதவர்கள். போர்டம்மா கதவோரம் கோப்போடு நின்றாள்.

மகள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். தராசுக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நேராக அவள் முகத்தைப் பார்த்தார்.

"எதுக்கும்மா இத்தனை வருஷம் கழிச்சுப் படிக்கணும்னு?"

"வீட்ல ஒரு வேலை இருந்துச்சு சார்" என்றாள் அவள், அந்தச் சின்னக் குரலில்.

அவர் தலையசைத்தார். கையிலிருந்த தாளில் அவள் பெயரைப் படித்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. "எங்க வீட்லயும் இந்தப் பேர்ல ஒரு பொண்ணு இருந்தா" என்றார்.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அவர் தாளில் எதையோ குறித்து, முதல்வர் பக்கம் சாய்ந்து, இந்தப் பெண்ணுக்கே கொடுத்துவிடலாம், எனக்குத் திருப்தி என்றார்.

வெளியே வராந்தாவில் போர்டம்மா அவள் தோளைப் பிடித்தபோதுதான் கடிகாரம் கண்ணில் பட்டது. மூன்றுக்கு ஒரு நிமிஷம். இருவருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. அதற்குள் தராசுக்காரர் எழுந்து வந்துவிட்டார். மாடிப்படி அறையில் ரிசீவரை எடுத்து எண்ணைச் சுழற்றினார். போர்டம்மா மேஜைக்கு இந்தப்பக்கம், மகள் கதவுக்கு வெளியே. பழைய போன், கையெட்டும் தூரத்தில் நின்றால் மணி அடிப்பது கேட்கும். அந்த வீட்டில் அப்போது யாரும் இல்லை. சமையலுக்கு வருகிற அம்மாளும் பன்னிரண்டு மணிக்கே பூட்டிவிட்டுப் போய்விடுவாள்.

முதல் மணி. இரண்டாவது. மூன்றாவது.

நான்காவது மணி பாதியில் அறுந்தது.

பதினாறு வருஷம் போர்டில் இருந்தவளுக்கு அதன் அர்த்தம் தெரியும். தானாக நிற்கிற மணி முழுசாக அடித்து ஓய்ந்துதான் நிற்கும். பாதியில் அறுந்தால், அந்தப் பக்கம் யாரோ கையால் எடுத்துவிட்டார்கள்.

"சாப்பிட்டியா?" என்றார் அவர். மறுமுனைப் பதிலைக் கேட்டார். சிரித்தார். "ஒரு பொண்ணு வந்திருந்தா. நம்ம பொண்ணு பேர்தான் அவளுக்கும்." இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, ஆறு மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லி ரிசீவரை வைத்தார். போகும்போது மகளை, யாரோ ஒரு மாணவியைத் தாண்டிப் போவது போல, ஒதுங்கித் தாண்டிப் போனார். கதவு நிலையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

"நான் இங்கதானேக்கா இருக்கேன்" என்றாள் மகள்.



அதன் பிறகு மகள் மூன்று மணிக்கு வீடு திரும்ப வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பயந்துகொண்டே ஒரு வாரம் பார்த்தாள். அவள் ஆய்வுக்கூடத்தில் இருந்த நாட்களிலும் அப்பா பேசியதாக டிரைவர் சொன்னார், முகம் தெளிந்துதான் வந்தார். வீட்டில் அவள் இருக்கும் நாட்களிலோ, அவர் பேசியும் இங்கே போன் அடிப்பதே இல்லை. மணையை எடுத்துப் பரண்மேல் போட்டாள். அந்த மூலைப் பக்கம் போவதை விட்டுவிட்டாள். பிற்பாடு கல்லூரிக்குப் பக்கத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் ஒரு கட்டில் பிடித்துக் கொடுத்தாள் போர்டம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போர்டம்மா வீட்டுக்குச் சாப்பிட வருவாள். மாமியாரோடு பேசுவதென்றால் கத்தித்தான் பேச வேண்டும். முதலில் கூச்சப்பட்டாள், பிறகு வாய்விட்டுக் கத்தினாள், சிரித்தாள், பல சமயம் சண்டைகூடப் போட்டாள்.

குரலும் மாறிக்கொண்டே வந்தது. போர்டம்மா மட்டும் அதைக் கவனித்தாள். முதல் வருஷம் முடிவதற்குள் கீச்சு போயிற்று. இரண்டாம் வருஷம் ஒரு முரட்டுத்தனம் வந்தது. மூன்றாம் வருஷம் அது நாற்பது வயதுப் பெண்ணின் குரலாக, தன் உடம்பில் தானே சரியாக உட்கார்ந்துவிட்டது.

படிப்பு முடிகிற ஆண்டு விழாவில், உதவி பெற்ற மாணவி நன்றி சொல்வது முறை. அவள் மேடை ஏறினாள். தராசுக்காரர் முன்வரிசையில் இருந்தார், அதற்குள் கைத்தடி வந்திருந்தது. அவள் பேச ஆரம்பித்த மூன்றாவது வாக்கியத்தில் போர்டம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது அம்மாவின் குரல். முன்பு அவள் போனில் பூசிக்கொண்ட குரல் இல்லை. பெண் வளர்ந்தால் தாயின் குரல் தானாக வந்து சேருமே, அது. கொஞ்சம் கரகரப்பாக, மூச்சு வாங்குவதோடு.

தராசுக்காரர் எழுந்து நின்றார். தடி கீழே விழுந்தது. முகத்தில் இருந்தது சந்தோஷம் இல்லை, திகில். தினமும் போனில் கேட்கிற குரல் இங்கே ஓர் ஆளோடு நிற்கிறது. அவர் மேடையை உற்றுப் பார்த்தார். அவர் பார்வை அவளைத் தாண்டிப் பின்திரைக்குப் போயிற்று, திரும்பி வந்தது, அவள்மேல் நின்றது.

"குட்டி" என்றார். வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர். "நீ எப்ப இவ்வளவு பெரியவளான?"

அவள் ஒலிபெருக்கியை விட்டுக் கீழே இறங்கி வந்தாள். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ ஒருவர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

மறுநாள் மதியம் தராசுக்காரர் கல்லூரிக்கு வந்தார். மகள் படித்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். இருவரும் ஆய்வுக்கூடத்து மாடிக்குப் போனார்கள். தாவரவியல் பேராசிரியை மைக்ராஸ்கோப்பைத் திறந்து கொடுக்க, கிழவர் குனிந்து ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்ததாகப் பியூன் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது மாடிப்படி அறையில் போன் அடித்தது. போர்டம்மா நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி.

எடுத்தாள். மறுமுனையில் பேச்சில்லை. ஆனால் ஒவ்வொரு அறைக்கும் தனி நிசப்தம் உண்டு. தராசுக்காரர் வீட்டுக் கூடத்து நிசப்தத்தை அவள் பதினோரு வருஷம் கேட்டவள். யாரோ ரிசீவரைக் காதில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் பின்னால், தள்ளி, சின்னக் கால்கள் செருப்போடு ஓடுகிற சத்தம் வந்து நின்றது.

ரிசீவரை வைத்துவிடக் கை போயிற்று. ஆனாலும் காத்திருக்கும் அழைப்பைப் பதில் சொல்லாமல் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

"மேடம்" என்றாள். "அவர் இங்க பொண்ணு கூட இருக்கார். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இனிமே கூப்பிட மாட்டாருன்னு நினைக்கிறேன். நீங்க வச்சிடலாம்."

பிறகு அந்தப் பக்கம் ரிசீவர் வைக்கப்பட்டது.

இதை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. மகளிடம் மட்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, பாத்திரம் கழுவும் இடத்தில் சொன்னாள். அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். எதுவும் பேசினார்களா என்றாள். இல்லை என்றாள் போர்டம்மா.

"எப்படி வச்சாங்க? பட்டுனா?"

"இல்ல. மெதுவாத்தான்."